நூற்றிருபது கல்

இடது கையின் விரல்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. சுட்டுவிரல் முன்னால் போய் ஊன்றியது. நடுவிரல் அதைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு மறுபடியும் சுட்டுவிரல். இடுப்பு உயரத்தில் தொடங்கிய கை தோள் உயரத்துக்கு வந்ததும் தயங்கியது. அங்கிருந்து விரற்கடை விரற்கடையாகத்தான் ஏறியது. காதுக்கு நேராக வந்தபோது நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தோடு பத்து எண்ணும்வரை அங்கேயே நின்றது. வலது கை ஒரு கரித்துண்டை எடுத்து, நடுவிரலின் நுனி தொட்ட இடத்தில் சின்னக் கோடு ஒன்று இழுத்தது. அதற்குக் கீழே அதேபோல இருபத்தாறு கோடுகள் இருந்தன. நேற்றைய கோட்டுக்கும் இன்றையதற்கும் இடையில் ஒரு நெல்மணி அளவுதான் இடைவெளி.

ஏறிய கையை வந்த வழியே விரல் விரலாக இறக்க வேண்டும். சட்டென்று தொங்கவிட்டால், மார்பின் இடப்பக்கத்தில் தொடங்கி அக்குளுக்குக் கீழே சுற்றி முதுகுவரை போகிற தையல் சுள்ளென்று இழுக்கும். கை மெதுவாக இறங்கியது.

கைக்குரியவர் பெயர் முனிரத்தினம். வயது முப்பத்தெட்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற இருபத்து நாலு கிலோமீட்டர் சாலையில் பதினான்கு வருடமாகக் கேங் வேலை செய்தவர். பள்ளம் விழுந்த இடத்தில் ஜல்லி கொட்டுவது, தார் காய்ச்சி ஊற்றுவது, மழைக்கு முன்னால் ஓரத்து வாய்க்காலை வெட்டிவிடுவது, இவைதான் வேலை. தினக்கூலி. கூலிப் பதிவேடான மஸ்டரில் பெயர் இருக்கிறவரை ஆள், பெயர் இல்லையென்றால் ஆளில்லை.

பதினோரு வயதில் அவருக்கு முழங்கால்கள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. வீக்கம் வடிந்ததும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தார் டின்னைத் தூக்கிக்கொண்டு பத்தடி போனால் வாயால் மூச்சு வாங்கியது. பிறகு டின் இல்லாமலே வாங்கியது. கடைசி ஆறு மாதம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார். 1991 பிப்ரவரியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. விலா எலும்புகளுக்கிடையில் திறந்து, இதயத்துக்குள் விரலைவிட்டு வால்வை அகட்டினதாக டாக்டர் சொன்னார்.

மார்ச் கடைசியில், அந்த இருபத்தேழாவது கோடு போட்ட அன்று, கேங் மேஸ்திரி தாண்டவராயன் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். முனிரத்தினத்தின் மனைவி காந்திமதி கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

“தார் டின்னு இனிமே உன்னால ஆவாது, ரத்தினம். கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. கல்லு வேலை ஒண்ணுதான் உனக்கு மிச்சம். அதையும் செய்ய முடியலைன்னா மஸ்டர்ல உன் பேர நான் எந்தக் கணக்குல எழுதறது?”

கல் வேலை என்பது சாலையோரக் கற்களுக்கு வருடத்துக்கொரு முறை வெள்ளையடித்து எண் எழுதுவது. ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து கல். ஊர்ப் பெயரும் தூரமும் எழுதின, தலையில் பச்சை பூசின பெரிய கல் ஒன்று. இருநூறு மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எண் மட்டும் போட்ட சின்னக் கல் நாலு. மொத்தம் நூற்றிருபது. கேங்கில் கையெழுத்து சுத்தமாக உள்ள ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுப்பார்கள். ஒன்பது வருடமாக அது முனிரத்தினத்தின் வேலை. இடது கைக்காரர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய எழுத்தின் மேலேயே எழுதி எழுதிக் கற்றுக்கொண்டவர். ‘சிங்கப்பெருமாள் கோவில்’ என்ற பெயர் கல்லின் அகலத்துக்கு அடங்காது என்று முன்னே எழுதியவர்கள் ‘சி.பெ.கோவில்’ என்று சுருக்கி வைத்திருந்தார்கள். அவர் அதை இரண்டு வரியாக்கி, முழுப்பெயரையும் எழுதினார்.

இந்த வருடம் கேங்கில் புதிதாகச் சேர்ந்த ராமன் என்பவன், எண்களை வெட்டியெடுத்த தகரத் தகடுகளைச் செய்து வைத்திருந்தான். தகட்டைக் கல்லில் வைத்துப் பெயிண்டைத் தேய்த்தால் எண் விழுந்துவிடும். அந்த வேலைக்கு யார் வேண்டுமானாலும் போதும். தாண்டவராயன் ஒரு தவணை கொடுத்தார். ஜூன் பதினேழாம் தேதி கல் வேலை தொடங்க வேண்டும். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி ஓவர்சியர் பார்க்க வருகிறார். அதற்குள் நூற்றிருபது கல்லும் முடிந்திருந்தால் முனிரத்தினத்தின் பெயர் மஸ்டரில் இருக்கும். இல்லையென்றால் ராமன்.

“கை எழுதும் மேஸ்திரி. அதுக்குத்தான் செவுத்துல ஏத்திகினு கீறேன்” என்றார் முனிரத்தினம்.

“கைய பத்தி எனக்கு இன்னா? ரோடு இருபத்து நாலு கிலோமீட்டர்யா. கால் நடக்குமா சொல்லு.”

அன்றைக்கு முனிரத்தினத்துக்கு வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் போய்வந்தாலே உட்கார வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் மஞ்சுளா என்ற அம்மாள். அவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் சுவரில் விரலேற்றம். பிறகு இரண்டு பாட்டிலைக் குழாயால் இணைத்து, ஊதி ஊதி ஒன்றிலிருக்கும் தண்ணீரை மற்றதற்குத் தள்ளுவது. பிறகு நடை. முதல் வாரம் இருநூறு மீட்டர். வாரத்துக்கு இருநூறு கூட்ட வேண்டும். பத்தாவது வாரம் இரண்டு கிலோமீட்டர். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் நின்றுவிட வேண்டும். பழைய காய்ச்சல் திரும்பி வராமலிருக்க இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, எத்தனை வருடமானாலும்.

அதே பயிற்சிகளைப் பக்கத்துக் கட்டிலில் செய்தவன் ஜெபகுமார். சிங்கப்பெருமாள் கோவிலைச் சேர்ந்தவன். இருபத்தாறு வயது. செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவன். அவனுக்கும் அதே வால்வு, அதே வாரம், அதே தையல். பாட்டில் ஊதுவதில் அவன்தான் எப்போதும் முந்துவான். “இன்னாணா, உன் தண்ணி நவுரவே இல்ல. எனுது ஊருக்கே போய்ச் சேந்துடுச்சு” என்பான். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் முனிரத்தினம் அவனை வாயை மூடச் சொல்லிக் கெஞ்சுவார். ஒரே சாலையின் இரண்டு முனையிலும் இரண்டு பேருடைய வீடும் இருந்ததால், வெளியே போகும்போது ஜெபகுமார் ஒரு பந்தயம் கட்டினான். அவரவர் முனையிலிருந்து நடப்பது, என்றைக்காவது நடுவில் ஒரகடத்தில் சந்திப்பது.

முனிரத்தினத்தின் வீடு மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்கு எதிரே உள்ள குடியிருப்பில் இருந்தது. கல்லிலிருந்து கல் இருநூறு மீட்டர். நடையை அளக்க அதைவிட வசதி வேறு கிடையாது. முதல் வாரம் ஒரு கல், இரண்டாம் வாரம் இரண்டு கல் என்று வைத்துக்கொண்டார்.

நடப்பதைவிட, நடக்கவிடாதவர்களைச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. அந்தச் சாலையில் ஒருவர் நடந்துபோகிறார் என்றால் அவருக்கு வண்டி கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அதிலும் ஆபரேஷன் ஆனவர். சைக்கிள்காரர்கள் இறங்கிக் கேரியரைத் தட்டிக் காட்டினார்கள். மாட்டுவண்டி நின்றது. வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒரு கல் தூரம் நடந்தவரை இரண்டு சைக்கிள்களும் ஒரு டிராக்டரும் மாறிமாறி வீட்டில் கொண்டுவந்து விட்டன. பேச முடிகிறதா என்று பார்க்க, கூட யாரும் இல்லாததால் எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆபரேஷனில் மூளையையும் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. கடைசியில் அவர் ஒரு காலி பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

அந்தச் சாலையில் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் சிவசங்கர்தான் இரண்டு முனைக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனார். மூன்றாம் கல் நிறுத்தத்தில் பஸ் மெதுவாகும்போது, “இன்னிக்கு எவ்ளோ?” என்று படியில் தொங்கிக்கொண்டே கேட்பார். “ஆறு” என்பார் முனிரத்தினம். மறுநாள் எதிர்முனையிலிருந்து பதில் வரும்: “அவன் ஏழாம்யா. உன்ன சோத்தத் துன்னுட்டுத் தூங்கச் சொன்னான்.”

பத்தாவது வாரம், மே பன்னிரண்டாம் தேதி, முனிரத்தினம் மூன்றாம் கல்லிலிருந்து ஐந்தாம் கல்லுக்கு நடந்தார். சரியாக இரண்டு கிலோமீட்டர். ஐந்தாம் கல்லைத் தொட்டபோது பேச்சு திணறவில்லை. திரும்பி வருகையில் நாலாம் கல்லுக்குப் பக்கத்தில் கண் இருட்டியது. கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, புல் கட்டோடு போன இரண்டு பெண்கள் கட்டை இறக்கிவைத்துவிட்டு நிழலுக்கு இழுத்துப் போட்டார்கள்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது மஞ்சுளா அம்மாள் தாளை விரித்துவைத்து, எவ்வளவு நடந்தார் என்று கேட்டார். ஐந்தாம் கல்வரைக்கும், இரண்டு கிலோமீட்டர் என்றார்.

“அங்கிருந்து திரும்பி எப்படி வந்தீங்க?”

“நடந்துதான் மேடம்.”

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். முதல் வாரத்திலிருந்தே அப்படியா என்று கேட்டார். அப்படித்தான். எழுதிக் கொடுத்த தூரத்தைப்போல இரண்டு மடங்கு அவர் ஒவ்வொரு நாளும் நடந்திருந்தார். சாலை வேலை செய்கிறவர்களின் கணக்கில் திரும்பிவருகிற தூரம் கிடையாது. காலையில் ஒரு முனையில் இறங்குவார்கள், வேலை போகிற போக்கில் போவார்கள், சாயங்காலம் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். இன்று அரைக் கிலோமீட்டர் என்றால் சாலையில் அரைக் கிலோமீட்டர். காலுக்குத் தனிக் கணக்கு இருக்கும் என்று முனிரத்தினத்துக்குத் தோன்றவேயில்லை. பாதியாகக் குறைக்கச் சொன்னார் மஞ்சுளா அம்மாள். பிறகு, உயிரோடு வந்தவரைத் திட்ட முடியாமல், ஊசி தவறாமல் போடுகிறாரா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் முனிரத்தினத்துக்கு ஜெபகுமார் நினைவு வந்தது. அவன் சாலைக்காரன் அல்ல. கல்லை எண்ணி நடக்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அவர்தான். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போய் நின்று, கணக்குத் தப்பு, பாதியாக்கிக்கொள்ளச் சொல் என்று சிவசங்கரிடம் இரண்டு முறை சொல்லியனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது. அண்ணன் ரெட்டிப்பு நடந்தும் உசுரோடதான கீறாரு, நானும் அதையே நடந்துட்டுப் போறேன் என்று சொன்னானாம்.

ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த மே இருபத்தொன்றுக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகளில் மூலைக்கு மூலை போலீஸ் நின்றது. ஒரு நாள் விடியற்காலையில் முனிரத்தினத்தை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். எங்கும் போகவில்லை, நடக்கிறேன் என்றார். எங்கும் போகாதவன் எதற்கு நடக்கிறாய் என்று ஒருவர் டப்பாவைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். முனிரத்தினம் சட்டையைக் கழற்றி, முதுகைத் திருப்பிக் காட்டினார். அவர்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு மூன்று வாரம் சாலையை விட்டு ஏரிக்கரையில் நடந்தார். கரையில் கல் இல்லாததால் அடிகளை எண்ணினார்.

ஜெபகுமாரிடமிருந்து கணக்கு வந்துகொண்டேயிருந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. ஜூன் நடுவில் பதினான்கு.

ஜூன் பதினேழாம் தேதி திங்கட்கிழமை கல் வேலை தொடங்கியது. ஒரு கல்லை ஒரேயடியாக முடிக்க முடியாது. முதலில் கம்பி பிரஷ்ஷால் பாசியையும் பழைய சுண்ணாம்பையும் சுரண்ட வேண்டும். பிறகு வஜ்ரப் பசை கலந்த சுண்ணாம்பு ஒரு கை பூச வேண்டும். அது காய்ந்ததும் இரண்டாம் கை. அதுவும் காய்ந்த பிறகுதான் எழுத்து. காயும்வரை கல்லடியில் உட்கார்ந்திருந்தால் பொழுது போய்விடும். அதனால் அடுத்த கல்லுக்கு நடப்பது, கடைசிக் கல்லிலிருந்து முதல் கல்லுக்குத் திரும்புவது என்று நாலு தடவை போக வேண்டும். மூன்று கல்லை முடிக்க இரண்டே முக்கால் கிலோமீட்டர் நடை. ஐந்து கல் என்றால் ஐந்தரைக்கும் மேலே. இந்தத் தடவை முனிரத்தினம் திரும்பிவருகிற தூரத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டார். நாளைக்கு மூன்று கல் செய்து, ஏதாவது மூன்று நாள் மட்டும் ஒன்று கூடச் செய்தால் தவணைக்குள் முடியும். கனம் தூக்கக் கூடாதென்பதால் சுண்ணாம்பைப் பொடியாகவே பையில் எடுத்துப்போய், ஆங்காங்கே பம்புசெட்டில் தண்ணீர் பிடித்துச் சின்ன டப்பாவில் கரைத்துக்கொண்டார். இடது கை பெரிய கல்லின் தலைவரை வலியில்லாமல் ஏறியது.

பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு கல். ஏழாவது கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார். சனிக்கிழமை மாலை பஸ் நின்றபோது சிவசங்கர் படியிலிருந்து கேள்வி கேட்கவில்லை. கீழே இறங்கி வந்தார்.

“ஜெபகுமார் போயிட்டான்யா. முந்தாநேத்து. நேத்தே எடுத்துட்டாங்க.”

எப்படி என்று கேட்டார் முனிரத்தினம். கண்டக்டருக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை முனிரத்தினம் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. பாயில் மல்லாந்து படுத்து, வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஒரு துடிப்பு தள்ளி விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். சாப்பிட எழுந்தவர் அடுப்படிவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். சுவரின் கரிக்கோடுகள் மே மாதத்தோடு நின்றிருந்தன. அதற்குமேல் கை எட்டுகிற உயரம் இல்லை. இப்போது அந்தப் பக்கம் அவர் பார்ப்பதே இல்லை.

அப்படி ஒன்பது வேலை நாள் போயிற்று. பத்தாம் தேதி சிவசங்கர் மூலம் மேஸ்திரி சொல்லியனுப்பினார். சனிக்கிழமைக்குள் கல்லடியில் ஆள் இல்லையென்றால் ராமனைத் தகட்டோடு இறக்கப்போகிறார்.

காந்திமதி களையெடுத்துவிட்டு வந்து, காலைக்கூடக் கழுவாமல் பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று கேட்டார்.

“அவன் என் கணக்கக் கேட்டு நடந்தவன்” என்றார் முனிரத்தினம்.

காந்திமதி காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

“ஆபரேஷனுக்கு முன்னால ஆறு மாசம் இந்தச் செவுத்துல சாஞ்சிகினு மூச்சுக்கு முட்டிகினு இருந்த. பாத்தவ நான். நடந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதுய்யா. நடக்காம உக்காந்துகினு இருந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்.”

பதினோராம் தேதி காலையில் முனிரத்தினம் சுண்ணாம்புப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மிச்சம் எண்பத்து நாலு கல். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் பதினெட்டு நாள். நாளைக்கு மூன்று என்ற கணக்கு செத்துப்போயிருந்தது. ஐந்து செய்தாக வேண்டும். ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேலான நடையை மஞ்சுளா அம்மாளின் தாள் எங்கேயும் அனுமதிக்கவில்லை. அவர் அதைக் காலையில் பாதி, வெயில் தாழ்ந்து பாதி என்று பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லிலும் சுரண்டத் தொடங்குமுன் நின்று, எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். திணறினால் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிமிடங்களைச் சாயங்காலத்தில் ஈடுகட்டினார். மதியத்தில் ஒரு புளியமரத்தடியில் படுத்தால் நெஞ்சு மண்ணில் இடிக்கிற சத்தம் அவருக்கே கேட்டது. வல்லக்கோட்டைக்குப் பிரிகிற இடத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கி நடந்தார்கள். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் மழை பெய்தது. ஈரத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. அந்த இரண்டு நாளும் சுரண்டுகிற வேலையை மட்டும் முன்கூட்டிச் செய்துவைத்தார். இடுப்பு வேட்டியை இரண்டு விரற்கடை இறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. ஊசி போடுகிற நாள் வந்தபோது அரை நாள் போனாலும் போகட்டும் என்று போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஜூலை இருபத்தேழாம் தேதி, இருபத்தோராவது கிலோமீட்டரை அடுத்த நாலாம் எண் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கல்லின் பின்பக்கத்தில் செங்கல் துண்டால் எழுதிய கீறலைப் பார்த்தார். ‘11-5’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. அடுத்த கல்லின் பின்னால் ‘4-5’. அதற்கடுத்ததில் ஏப்ரல். வீட்டிலிருந்து ஒரு புதுக் கல்லைத் தொட்டபோதெல்லாம் ஜெபகுமார் தேதி போட்டிருக்கிறான். முனிரத்தினம் அன்றைக்கு முடித்திருந்த கற்களைச் சுரண்டும்போது பின்பக்கத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் திரும்பி நடந்து, சுண்ணாம்பு காயாத மூன்று கல்லை மறுபடி குனிந்து பார்த்தார். மே பதினொன்றுக்குப் பிறகு எந்தத் தேதியும் இல்லை. தன் வீட்டிலிருந்து எண்ணி ஜூனில் சொன்ன பதினான்காம் கல்லில் அவன் கை பட்டதாகவே தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து அவனுடைய தெருமுனையில் இருக்கிற கல்லை அடைந்தார். வேலையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண், நீங்கள் ரத்தினம் அண்ணனா என்று கேட்டாள். ஜெபகுமாரின் தங்கை ஜாஸ்மின். அவர் கேட்காமலேயே சொன்னாள்.

“மே மாசம் நடுவுலேந்து அவன் வாசப்படியே எறங்கலைணா. வுட்டு வுட்டுக் காய்ச்சல். ஊசிக்கும் போவல, பஸ்ஸுல உக்கார முடியலைன்னான். கண்டக்டர் வர்ற நேரத்துக்கு மட்டும் என்னை ஓடச் சொல்வான். பன்னெண்டுன்னு சொல்லு, பதிமூணுன்னு சொல்லுன்னு.”

“ஏம்மா அப்பிடி?”

“நான் கேட்டேன். தோத்துட்டான்னு போய்ச் சொல்லப் போறியான்னான்.”

முனிரத்தினம் அவளைக் கல்லின் பின்பக்கம் அழைத்துப்போய், செங்கல் கீறலைக் காட்டினார். மார்ச் மாதத்துத் தேதி. அது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னதும் உட்கார்ந்து, விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். கல்லுக்கு முன்னும் பின்னும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்பது வேலையின் முறை. ஓவர்சியர் சுற்றிவந்துதான் பார்ப்பார். முனிரத்தினம் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து தெருவுக்குள் போன பிறகு முதல் கை அடித்தார். சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. இரண்டாம் கையில் மறைந்துவிட்டது. தான் சொன்ன தூரம் அவனைக் கொல்லவில்லை என்பது தெரிந்தும் அவருக்கு மூச்சு சுலபமாகவில்லை. ஊசி போடப் போ என்று அவர் ஒரு நாள்கூடச் சொல்லியனுப்பவில்லை. கல் எண்ணிக்கையை மட்டும்தான் அனுப்பினார்.

முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை. கடைசிக் கல் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருந்தது. இரண்டரை மணிக்கு எழுத்து முடிந்தது. அவர் பிரஷ்களைத் துடைத்துவிட்டு, ஒரு கடையின் நிழலில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் முன்னால் மூச்சு வாங்கக் கூடாது. முகத்து வேர்வையை இரண்டு முறை துடைத்துச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. ஓவர்சியர் இறங்கி, பெரிய கல்லைச் சுற்றிவந்தார். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். உதிரவில்லை. எச்சில் தொட்டுக் கறுப்பெழுத்தின் மேல் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வழியெல்லாம் ஆங்காங்கே நிறுத்திப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தார். நூற்றிருபதும் முடிந்ததா என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி முனிரத்தினத்தைப் பார்த்தார்.

“நூத்திப் பத்தொம்பது சார்” என்றார் முனிரத்தினம். “பதினாலாம் கிலோமீட்டர்ல ஆறாம் நம்பர் கல்லுக்கு மஞ்சப் பூசி, பாவாடை கட்டி, கூழு ஊத்திகினு கீறாங்க. சாமியாயிடுச்சு. அதுல நம்பர் போடல.”

தாண்டவராயன் தலையில் அடித்துக்கொண்டார். ஓவர்சியர் சிரிக்கவில்லை. அதை மழைக்கப்புறம் பார்க்கலாம் என்றார். பிறகு மேஸ்திரியின் கையிலிருந்த மஸ்டரை வாங்கி ஜீப்பின் மூக்கில் வைத்து, ஆகஸ்ட் மாதத்துப் பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தார்.

“இந்தாளு பேரு எங்க?”

“இன்னும் எழுதல சார்.”

“எழுது. இவன் தார் தூக்க வேணாம். அடுத்த வாரம் வாலாஜாபாத் ரோட்டுக் கல்லுக்கு அனுப்பு. அது எவ்ளோ தூரம், இருபது இருக்குமா?”

இருபத்திரண்டு என்றார் மேஸ்திரி. போக மட்டும் இருபத்திரண்டு என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். அவர் சரிங்க சார் என்றார். மேஸ்திரி ராமனின் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதினார்.

முனிரத்தினம் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் டின்னையும், எண்ணெய் தடவிச் சுருட்டிய மூன்று பிரஷ்களையும், நூற்றுப் பத்தொன்பது கல்லின் எண்ணையும் முடித்த தேதியோடு வரிசையாக எழுதிய தாளையும் ஓவர்சியரிடம் நீட்டினார். ஓவர்சியர் தாளை மட்டும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டின்னையும் பிரஷ்ஷையும் ஜீப்பில் வைக்கச் சொன்னார்.